கை தூக்கியவர் சொல்லி முடிக்கும் வரை

போன வாரம் ஏல மண்டபத்துக்கு எதிரே டீ குடிக்க நின்றபோது, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பக்கத்தில் நின்ற இன்னொருவர் டீயை ஆறவிட்டுவிட்டு போனுக்குள் தலையை விட்டிருந்தார். அவரைக் காட்டித்தான் கேள்வி. "எல்லார் கையிலயும் ஒரே போன்தான் சார். சில பேரு மட்டும் ஏன் அதுலயே விழுந்து கெடக்காங்க?"

அந்த இடத்தில் சிரித்து மழுப்பிவிட்டேன். டீக்கடையில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. நான் டாக்டரும் இல்லை. போடியில் ஏலக்காய் ஏலம் விட்டே தலை நரைத்தவன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. மேடையில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்த பதில் அது. நாளைக்கு நீங்களும் அதே மேடையில் உட்காரப் போகிறவர்கள். எந்தப் பட்டனை எப்போது அமுக்க வேண்டும் என்பதை உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் ஜெபராஜைப் பற்றிச் சொல்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். ஆளைத் தெரிந்துகொண்டவர்கள் தெரியாத மாதிரியே இருங்கள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இந்த மண்டபத்தில் வாய் ஏலம்தான். விற்பனைக்கு வந்த ஒவ்வொரு குவியலும் ஒரு லாட்; அதன் எண்ணை நான் சொல்லி முடிப்பதற்குள் நாலா பக்கமும் விலை கிளம்பும். மேடையில் இருப்பவனுக்கு உடம்பெல்லாம் காதாக இருக்க வேண்டும். எனக்கு மேடையைப் பழக்கியவர் ஒரு முரட்டு மனிதர். அவர் பெயர் வேண்டாம், பெயரை வெளியே சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கேட்கிறவன் எப்படியும் கேட்டுவிடுவான், கேட்காமல் உட்கார்ந்திருக்கிறவன் மேல் ஒரு கண்ணை வை என்று அவர் சொல்லுவார். அப்படிக் கண்ணை வைத்ததில்தான் ஜெபராஜ் என் பார்வையில் விழுந்தார்.

அப்போதெல்லாம் அவர் தன் அண்ணனோடு வருவார். ஊரில் தலைமுறை தலைமுறையாக ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பம். அண்ணனை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். சாம்பிள் வந்ததும் கையில் அள்ளி, அமுக்கி, முகர்ந்து பார்ப்பவர் ஜெபராஜ். வாயைத் திறந்து விலை கேட்பவர் அண்ணாச்சி. கேட்கலாம் என்றால் தம்பி அண்ணன் தொடையில் தட்டுவார். போதும் என்றால் கிள்ளுவார். காரணம், ஜெபராஜுக்கு வாய் திக்கும். அதுவும் கொஞ்ச நஞ்சம் இல்லை. ஒரு எண்ணைச் சொல்லத் தொடங்கினால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும், கண் இறுகும். அவர் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தரம் ஆகி, காய் இன்னொருவர் பெயருக்குப் போயிருக்கும். ஓரிரு முறை முயன்று பார்த்தார். மண்டபம் சிரித்தது. அதோடு விட்டுவிட்டார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு பட்டன். கத்தல் நின்றுபோனது. அண்ணாச்சிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. செத்த வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, தம்பியை மேசையில் உட்கார வைத்துவிட்டுக் கடையைப் பார்க்கப் போய்விட்டார். ஜெபராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரலுக்குத் திக்கல் இல்லை. அந்தப் பருவம் முடிவதற்குள், ஜெபராஜ் ஒரு லாட்டில் இறங்கிவிட்டால் நமக்கு அது கிடைக்காது என்று மற்ற வியாபாரிகள் பேசத் தொடங்கினார்கள். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். அதுவரை அந்த மனிதரை யாரும் ஆளாகவே எண்ணியதில்லை.

அதற்குப் பின்னால் எல்லோர் கைக்கும் போன் வந்தது. வியாபாரிகள் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்தார்கள். நானும் அதில் இருந்தேன். நேரில் தலையாட்டிவிட்டுப் போகிற ஜெபராஜ் அங்கே பெரிய வாயாடி. ஒரு வியாபாரி தன் காய் எவ்வளவு பச்சை பாருங்கள் என்று படம் போட்டுப் பீற்றிக்கொண்டார். அடுத்த நொடி ஜெபராஜ் எழுதினார்: "அண்ணே, வாசல்ல கொட்டி வைக்காதீங்க. பச்சை விழுந்திருச்சுன்னு பஸ்சுக்காரன் கெளம்பிருவான்." ஊரே சிரித்தது. இந்த முறை சிரிப்பு அவர் பக்கம் இருந்தது.

ஆரம்பத்தில் காலையும் மாலையும் மட்டும் பார்த்தார். போகப் போகச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன், கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது மடியில் போன் என்று ஆனது. மலைமேல் குரங்கணிக்கு ஜீப்பில் காய் பார்க்கப் போனால் சிக்னல் போகிற வளைவில் முகம் வாடிவிடுமாம். இன்னும் பத்து குரூப்பில் சேர்ந்தார். கேரளா பக்கத்து எஸ்டேட்காரர்கள் குரூப்பில் மலையாளத்திலும் நக்கல் அடித்தார். ஏலம் ஓடும்போதே மேசைக்கு அடியில் ஒரு கை டைப் அடித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் அது வினையானது. நம் மண்டபத்து வழக்கம் உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். லாட் வரிசைப்படி சாம்பிள் பாக்கெட் வியாபாரி மேசைக்கு வந்துவிடும். திரையில் எந்த எண் ஓடுகிறதோ அந்த எண் பாக்கெட்டைப் பிரித்துக் காயைப் பார்த்து விலை போட வேண்டும். ஜெபராஜ் போனுக்குள் மூழ்கியிருந்ததில் ஒரு லாட்டைத் தவறவிட்டார். அதைக் கவனிக்கவும் இல்லை. அங்கிருந்து அவர் கை ஒரு லாட் பின்னால் போய்விட்டது. கையில் இருப்பது முந்தைய லாட்டின் காய், விலை போடுவது அடுத்த லாட்டுக்கு. சாப்பாட்டு இடைவேளை வரை இப்படியே வாங்கித் தள்ளினார். கடைக் குடோனில் மூட்டையைப் பிரித்தால் வெளுத்ததும் வெடித்ததுமாகக் காய். நல்ல காயின் விலைக்கு மட்டமான காய் வந்து இறங்கியிருந்தது.

அண்ணாச்சி ருத்ரதாண்டவம் ஆடினார். போனைப் பிடுங்கி அடுப்பில் போடப் போவதாகவும், இனி தன் மச்சினன்தான் மேசையில் உட்காரப் போகிறான் என்றும் தெருவுக்கே கேட்கச் சொன்னாராம்.

மறுநாள் ஜெபராஜின் மனைவி ஸ்டெல்லா என்னைப் பார்க்க ஆபீசுக்கு வந்தது. அந்தப் பெண்ணை அதற்கு முன் நான் கல்யாண வீடுகளில் பார்த்ததோடு சரி. அழவில்லை. வீட்டுக்காரருக்கு அந்த மேசை போனால் அதன் பிறகு அவர் வீட்டை விட்டே வெளியே வரமாட்டார், அண்ணாச்சியிடம் நீங்கள் பேச வேண்டும் என்று கேட்டது. வீட்டிலும் அதே கதைதானாம். முன் அறையில் உட்கார்ந்துகொண்டு அடுப்படியில் நிற்கிற மனைவிக்குக் காபி வேண்டும் என்று மெசேஜ் அனுப்புகிறாராம். மகள் பள்ளிக்கூடக் கதை சொன்னால் படம் ஒன்றை அனுப்பிச் சிரிக்க வைக்கிறாராம், வாயைத் திறப்பதில்லையாம்.

அவர் குரூப்பில் எழுதுவதைப் படித்திருக்கிறாயா ஆத்தா என்று கேட்டேன். படித்திருக்கிறேன் என்றது. பிறகு சொன்னது:

"அதுல இருக்குற மனுசன் எங்க வீட்டுக்கு வந்ததே இல்லண்ணே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவரைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திமிர் என்றார் ஒருவர். மனக்கட்டுப்பாடு இல்லை என்றார் இன்னொருவர். எங்கள் ஆபீசில் பில் போடுகிற ஒரு பெண் இருந்தது. சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனில் மிட்டாய் உடைக்கிற விளையாட்டு விளையாடிக்கொண்டே இருக்கும். மணி அடித்ததும் போன் பைக்குள் போய்விடும், மாலை வரை அதன் நினைப்பே இருக்காது. அந்தப் பெண்ணுக்கு ஜெபராஜை விட மனக்கட்டுப்பாடு அதிகமா? எனக்குத் தோன்றவில்லை. அது வாய் ஓயாமல் பேசும், பேசினால் சிரிக்க நாலு பேர் இருந்தார்கள், சண்டை போட ஒரு மாமியார் இருந்தார். அந்தப் பெண்ணுக்குப் போன் ஊறுகாய். ஜெபராஜுக்கு அதுதான் சோறு.

மதுரையில் ஒரு டாக்டர் பிற்பாடு ஸ்டெல்லாவிடம் இன்னும் பல காரணங்கள் சொன்னார். தூக்கம் கெட்டவர்கள், உள்ளே பதற்றம் உள்ளவர்கள், சும்மா இருக்க முடியாதவர்கள் இதில் சீக்கிரம் சிக்குவார்கள் என்று. அதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். நான் கண்டது ஒன்றுதான். வெளியே கிடைக்காத ஒன்று எவனுக்குப் போனுக்குள் கிடைக்கிறதோ, அவனால் அதைக் கீழே வைக்க முடியாது. அவனிடம் போனைப் பிடுங்குவதற்கு முன்னால், அது கொடுத்ததை வேறு யாராவது கொடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

அண்ணாச்சியிடம் போய்ப் பேசினேன். போனைப் பிடுங்கினால் தம்பியின் வாயைப் பிடுங்கின மாதிரி என்றேன். அவருக்கு அது பிடிபடவில்லை. ஆனாலும் என் முகத்துக்காக ஒரு ஏலம் பொறுக்கிறேன் என்றார். மச்சினன் பின்னால் நின்று பார்ப்பான், இன்னொரு தப்பு நடந்தால் அந்த நிமிஷமே மேசை மாறிவிடும் என்பது ஏற்பாடு.

ஏலத்துக்கு முன்னால் ஜெபராஜை என் மேசைக்குக் கூப்பிட்டு அந்தப் பஸ்சு ஜோக்கை எனக்கு வாயால் சொல்லச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார்.

"டைப் அடிக்க வேணாம் தம்பி. எனக்கு ஒரு சோலியும் இல்ல. மெதுவாச் சொல்லுங்க."

வாயைத் திறந்தார். மூடினார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். என் வைத்தியம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஏல நாள் வந்தது. மேலே போடிமெட்டுப் பக்கம் நல்ல மழை. மலையிலிருந்து காய் கொண்டுவந்த விவசாயிகள் விடிகாலையிலேயே ஜீப்பில் இறங்கி, ஈரச் சட்டையோடு பின் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். பண்டிகை நெருங்கிய நேரம். அன்று காய் விற்றால்தான் பலருக்கு வீட்டில் துணிமணி. அண்ணாச்சியும் மச்சினனும் கதவோரம் வந்து நின்றார்கள். ஏலம் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு எல்லாத் திரையும் ஒரே நேரத்தில் அப்படியே நின்றுவிட்டது. கரண்ட் இருக்கிறது, லைன் இல்லை. மழையில் எங்கோ கேபிள் போய்விட்டது என்றார்கள். இன்றைக்குச் சரியாகாது என்றும் சொன்னார்கள்.

வியாபாரிகள் பாதிப் பேர் தள்ளி வைக்கச் சொன்னார்கள். தள்ளி வைத்தால் அடுத்த ஏலத்தில் காய் குவியும், விலை இறங்கும். அது அவர்களுக்குத் தெரியாதா? நான் பின் பெஞ்சுகளைப் பார்த்தேன். மேலிடத்துக்குப் போன் போட்டேன். உங்கள் பொறுப்பில் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நல்லது நடந்தால் அவர்களுக்குப் பெயர், கெட்டது நடந்தால் எனக்கு. உங்களுக்கும் ஒருநாள் இந்தப் பதில் வரும், பயப்படாதீர்கள்.

வாய் ஏலம் என்று அறிவித்தேன். முதல் லாட்டே கந்தலானது. பட்டன் அமுக்கியே பழகிய இளைய வியாபாரிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யார் எவ்வளவு கேட்டார் என்பதில் அடிதடி வராத குறை. ஜெபராஜ் மேசையைப் பார்த்தேன். பட்டன் செத்துவிட்டது. லைன் போன பதற்றத்தில் எல்லோரும் போனில் இறங்கியதால் அதிலும் ஒன்றும் அசையவில்லை. அவர் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறக்காவிட்டால் மச்சினன் வந்து உட்காருவான், அதற்கு எந்தத் தப்பும் நடக்கத் தேவையில்லை. நல்ல லாட்டுகளுக்கு அதிக விலை போடுகிற ஆள் ஊமையாக உட்கார்ந்திருந்தால் விவசாயிக்கும் நஷ்டம்.

மேசையைத் தட்டி அமைதிப்படுத்தினேன். அந்த நிமிஷத்தில் தோன்றிய விதியைச் சொன்னேன். யாரும் கத்தக் கூடாது. கேட்கிறவர் கையைத் தூக்க வேண்டும். நான் கை காட்டியதும் அவர் விலை சொல்ல வேண்டும். கை தூக்கியவர் சொல்லி முடிக்கும் வரை ஏலம் அவருடையது, வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இது எல்லோருக்கும் பொது.

இரண்டு லாட் அப்படியே போனது. மூன்றாவது லாட் அருமையான காய், குரங்கணிப் பக்கத்துத் தோட்டத்தது. விலை ஏறி நின்றது. ஒரு தரம் சொன்னேன். ஜெபராஜின் கை எழுந்தது.

நான் கை காட்டினேன். அவர் எழுந்து நின்றார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. "ஆ... ஆ..." என்று வந்து மறுபடி நின்றது. பக்கத்து மேசைக்காரருக்குப் பொறுக்கவில்லை. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார், "ஆயிரத்து அறுநூத்திப் பத்துங்கிறாருண்ணே."

சிரிப்பு கிளம்பப் பார்த்தது. இதுதான் நான் சொல்ல வந்த நிமிஷம் தம்பிகளா. அந்த விலையை நான் ஏற்றுக்கொண்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஜெபராஜும் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார், அடுத்த தரம் முதல் பக்கத்து ஆள்தான் அவர் வாய்.

"அவரு இன்னும் சொல்லல," என்றேன் பக்கத்து மேசைக்காரரிடம். "சொன்னது நீங்க. உங்க பேருக்கு எழுதிக்கிடவா?"

அவர் பதறிப்போய் இல்லை இல்லை என்று உட்கார்ந்தார். மண்டபம் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடங்கியது. முன் வரிசையில் ஒருவர் நேரம் ஆகிறதே என்று முனகினார். பின் பெஞ்சைக் காட்டி, அவர்கள் காய் விளைய எத்தனை மாதம் காத்திருந்தார்கள், உங்களுக்கு ஒரு நிமிஷம் உட்கார முடியாதா என்று கேட்டேன். அதன் பிறகு யாரும் அசையவில்லை. நான் ஜெபராஜைப் பார்த்தேன், தலையைக்கூட ஆட்டவில்லை. அவசரப்படுத்துவதும் இல்லை, தட்டிக்கொடுப்பதும் இல்லை. ஏலம் கேட்கிற எந்த வியாபாரியையும் பார்ப்பது போலத்தான் பார்த்தேன்.

"ஆ... ஆயிரத்து அ... அறுநூத்தி... இருவது."

பத்து இல்லை, இருபது. பக்கத்து ஆள் எடுத்துக் கொடுத்தது அவர் கேட்க வந்த விலையே இல்லை.

உடனே இன்னொரு கை எழுந்து அதற்கு மேலே கேட்டது. ஜெபராஜ் உட்காரவில்லை. மறுபடி கை தூக்கினார், மறுபடி திக்கினார், மறுபடி சொன்னார். மூன்று தரம் ஆனது. பேனாவை எடுத்துக்கொண்டு, யார் பெயருக்கு என்று கேட்டேன். அந்தப் பெயர் எனக்குத் தெரியாதா? மண்டபத்துக்கே தெரியும். ஆனாலும் வாங்கியவர் வாயால் சொல்ல வேண்டும் என்பது வாய் ஏலத்து முறை. அவருக்குத் தன் பெயரைப் போல் திக்குகிற வார்த்தை வேறு கிடையாது என்று ஸ்டெல்லா பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்லா லாட்டையும் விட அதற்குத்தான் நேரம் பிடித்தது. சொன்னார். எழுதிக்கொண்டேன்.

கதவோரம் மச்சினன் சட்டையைச் சரிசெய்துகொண்டு தயாராகத்தான் நின்றான். அண்ணாச்சி அவன் தோளில் கை வைத்து, "வா, கடையில ஆளில்ல. வெரசாப் போவோம்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வரை வாய் ஏலம் நடந்தது. ஒரு லாட்டும் திரும்பவில்லை. விலையும் குறையவில்லை. இத்தனை வருஷம் மேடையில் உட்கார்ந்ததில் எதற்குப் பெருமைப்படுகிறாய் என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன். எனக்கு அதில் கூச்சமே கிடையாது.

ஜெபராஜ் போனை விட்டுவிட்டாரா என்று கேட்பீர்கள். விடவில்லை. மறுவாரமே லைன் வந்தது, பட்டன் வந்தது, குரூப்பில் நக்கலும் வந்தது. ஆனால் மேசைக்கு அடியில் கை போவது நின்றது. கொஞ்ச நாளில் மதுரைக்கு ரயில் ஏறிப் பேச்சுப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தார். இன்றும் திக்குகிறது. திக்கிக்கொண்டே பேசுகிறார். நடுவில் இரண்டு முறை பழையபடி போனில் விழுந்தும் எழுந்திருக்கிறார். வீட்டில் எப்படி என்று ஒருமுறை ஸ்டெல்லாவிடம் கேட்டேன். இப்போது வாயாலேயே சண்டை போடுகிறார் என்று சந்தோஷமாகச் சொன்னது.

நான் ஓய்வு பெற்ற அன்று குரூப்பில் மாலையும் பூங்கொத்துமாகப் படங்கள் வந்து குவிந்தன. யார் யார் அனுப்பினார்கள் என்று பார்க்கவே மறுநாள் ஆனது. ஜெபராஜிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போன் அடித்தது. எடுத்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. யார் என்று தெரிந்துவிட்டது. சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை, உம் கொட்டவில்லை, காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"நீ... நீங்க போனது எ... எனக்குப் பிடிக்கலண்ணே," என்றார்.